பச்சைக்கிளியும் பச்சைக் கதிரும்

மக்காச்சோளம் பால்பிடிக்கிற நேரத்துல வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி பக்கம் விடியக்காலையில நடந்து போனா, காட்டுக்குக் காடு வெடிச் சத்தம் கேட்கும். திருவிழாவும் இல்லை, தீபாவளியும் இல்லை. கிளி விரட்டுறாங்க. வெடி செய்யுற பூமியில கிளி விரட்ட வெடி கிடைக்காதா என்ன? ஒரு லட்சுமி வெடியைப் பத்தவச்சுத் தூக்கிப் போட்டா, கூட்டம் கத்திக்கிட்டு எழும்பி அடுத்த காட்டுப் பனையில போய் உட்காரும். புகை அடங்கினதும் திரும்ப வரும். நாலு நாள்ல அந்தச் சத்தமும் அதுக்குப் பழகிப்போகும். அப்புறம் வெடிச் செலவும் கிளிச் சேதமும் சேர்ந்து சம்சாரி தலையில ஏறும்.

அதே காட்டுல, அதே நேரத்துல, ஒரு சத்தமும் இல்லாம இன்னொன்று தின்றுகொண்டிருக்கும். அதுதான் பூஞ்சாணம். அதை யாரும் வெடி போட்டு விரட்டுவதில்லை. திட்டுவதுகூட இல்லை. "சீக்கு விழுந்துருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மருந்துக் கடைக்காரர் கொடுக்கிற பாட்டிலை வாங்கி வந்து அடிப்பதோடு சரி.

கிளியையும் பூஞ்சாணத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, நம்ம கோபம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற திருடன் மேல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத திருடன் தப்பித்துக்கொள்கிறான். இரண்டாவது, இதுதான் முக்கியம், இரண்டு திருடர்களும் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அந்த வாசலைத் திறந்து வைத்தது நாம் தேர்ந்தெடுத்த விதை.

கிளி எப்படித் தின்னும்?

கிளியைப் பற்றி வேணும்னே நல்லபடியா எழுத நான் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் வைத்து தினம் ஒரு கிளி செய்து வைக்கிறார்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று விரட்டியதும் இதே கிளியைத்தான். ஒரே மாவட்டத்தில் கோயிலில் அது தூது போகிற பறவை, காட்டில் அது கருது அறுக்கிற பறவை. இரண்டும் உண்மைதான்.

கரிச்சான், மைனா மாதிரி புழுவைத் தின்று நமக்கு உதவுகிற பறவை இல்லை கிளி. அது தானியமும் பழமும் தின்கிற பறவை. மக்காச்சோளம், சோளம், கம்பு, சூரியகாந்தி, கொய்யா எல்லாம் அதுக்குப் பிடிக்கும். தின்பதைவிடச் சிந்துவது அதிகம். ஒரு கருதின் தோகையைக் கிழிக்கும், பத்து மணியைக் கொத்தும், அடுத்த கருதுக்குப் போய்விடும். அப்படித் தோகை கிழிந்த கருதில் மழைத் தண்ணீர் இறங்கினால் பின்னாலேயே பூஞ்சாணமும் வரும். கிளி பத்து மணியைத் தின்றால் பூஞ்சாணம் மீதிக் கருதைக் கெடுக்கும்.

ஆனால் கிளியிடம் சில பழக்கங்கள் உண்டு. அதெல்லாம் சம்சாரிக்குத் தெரிந்ததுதான். விடிந்ததும் இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம், இதுதான் அது மேய்கிற நேரம். உச்சி வெயிலில் மரத்தில் அடைந்துவிடும். பெரும்பாலும் பொழியோரத்து வரிசைகளில்தான் இறங்கும். மரத்துக்குப் பக்கத்துப் பாத்திகளுக்குத்தான் சேதம் கூடுதல். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் விதைத்திருந்தால் அதன் வயிறு எல்லாக் காட்டுக்கும் பங்கு பிரிந்து போகும். ஒருத்தர் மட்டும் முன்னாலோ பின்னாலோ விதைத்தால் அவர் காட்டில் மொத்தக் கூட்டமும் இறங்கும். மரப்பொந்திலும் பட்டுப்போன பனையிலும் வருஷத்துக்கு ஒரு தடவை குஞ்சு பொரிக்கும், அதுவும் மூன்று நான்கு முட்டைதான். ஒரு வாரத்தில் பத்து மடங்காகப் பெருகாது. போன வருஷம் வந்த கிளி உங்க மண்ணுக்குள் ஒளிந்திருந்து இந்த வருஷம் முளைக்காது.

பூஞ்சாணம் எப்படித் தின்னும்?

இதற்கு நேர் எதிர் பூஞ்சாணம். கம்பில் வருகிற அடிச்சாம்பல் நோயை எடுத்துக்கொள்வோம். (இதை உண்டாக்குகிற கிருமியை இப்போது ஆராய்ச்சியாளர்கள் பூஞ்சாணத்தை ஒத்த தனி இனம் என்று பிரித்து வைக்கிறார்கள். காட்டில் அது செய்கிற வேலை பூஞ்சாண வேலைதான். நாமும் அப்படியே சொல்வோம்.) நாத்து சின்னதாக இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடும். ஈரமான ராத்திரியில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைச் சாம்பல் பூத்த மாதிரி படரும். அங்கிருந்து காற்றில் பக்கத்துச் செடிக்குப் போகும். கதிர் வருகிற நேரத்தில் மணி இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன இலையாகச் சுருண்டு நிற்கும். அதனால்தான் அதற்குப் பச்சைக் கதிர் நோய் என்று பேர். தூரத்தில் இருந்து பார்த்தால் காடு பச்சைப் பசேல்னு செழித்திருக்கிற மாதிரி தோன்றும். கிட்டப் போய்க் கதிரை உருவினால் கையில் ஒரு மணி இருக்காது.

பச்சைக்கிளி வந்தால் காது கேட்கும். பச்சைக் கதிர் வந்தால் கண்ணே ஏமாந்துவிடும். நோய் கண்ட இலை காய்ந்து நார் நாராகக் கிழிந்து விழும்போது அதன் வித்துகள் மண்ணில் விழுந்து வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த கம்பு விதைப்புக்காகக் காத்திருக்கும்.

கரிசலுக்கு இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேர்பிடித்ததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிற வறண்ட காற்று. மருந்து காய்வதற்கு வெயில் வேணும். பூஞ்சாணம் படர்வதற்கு ஈரம் வேணும். அதனால் டெல்டாவில் படுகிற அளவுக்குப் பல பூஞ்சாண நோய்களில் நாம் படுவதில்லை. ஆனால் காய்ச்சலுக்கென்றே வருகிற பூஞ்சாணமும் உண்டு. சோளத்தில் கரிக்கோல் அழுகல், பருத்தியிலும் பயறுகளிலும் வேர் அழுகல். மழை ஏமாற்றி, செடி தண்ணீருக்குத் தவிக்கிற நேரம் பார்த்துத் தண்டுக்குள் நுழையும். தட்டை பாதியில் மடிந்து சாய்கிறதே என்று பிளந்து பார்த்தால் உள்ளே கரிப்பொடி தூவிய மாதிரி இருக்கும். மட்கு இல்லாத மண்ணில் இதன் ஆட்டம் கூடுதல்.

கிளியால் அழிந்த ஊர் உண்டா?

சரித்திரத்தைக் கேட்டுப் பார்ப்போம். கிளி தின்று ஒரு தேசம் பயிரை மாற்றியதாக நான் படித்ததில்லை. பூஞ்சாணம் மாற்றியிருக்கிறது.

1869-ல் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் தென்பட்டது. இலையின் அடியில் காவி நிறத்தில் தூள். இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காப்பி கிட்டத்தட்ட முடிந்துபோனது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தோட்டம் போட்ட துரைமாரில் பலர் திவாலானார்கள். அவர்களைவிடக் கீழே, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் இருந்து கடல் கடந்து போன நம்ம சனங்கள் இருந்தார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் அன்று திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தன. காப்பிப் பழம் பறிக்கப் போனவர்களின் வாரிசுகள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களாக மாறினார்கள். அந்த நோயை ஆராய 1880-ல் இங்கிலாந்தில் இருந்து வந்த மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி கண்டது இதுதான்: மலை மலையாகக் காட்டை அழித்து, இடையில் வேறு மரமே இல்லாமல் ஒரே காப்பியை நட்டுவைத்தது நோய்க்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது.

இன்னொரு கதை நம்ம கம்பின் கதை. 1965-ல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு எச்.பி.1 வெளிவந்தது. விளைச்சல் நிஜமாகவே கூடியது. அதை மறுக்க வேண்டாம். தொடர்ந்து வந்த எச்.பி. வரிசை ரகங்கள் எல்லாவற்றுக்கும் தாய் ஒன்றுதான். அமெரிக்காவில் டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கிய ஒரே ஒரு தாய் வரிசை. பேர் வேற வேற, வயிறு ஒன்று. அந்தத் தாய்க்கு அடிச்சாம்பல் நோயைத் தாங்குகிற சக்தி இல்லை. 1971-ல் நாடு முழுக்கக் கம்புக் காடுகளில் பச்சைக் கதிர் நின்றது. தேசத்தின் கம்பு விளைச்சல் ஒரே வருஷத்தில் பெரிதாகச் சரிந்தது.

தேன் ஒழுகல் நோயும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கம்பு பூத்ததும் சூல்முடி வழியாக அந்தப் பூஞ்சாணம் நுழையும். மகரந்தம் முந்திவிட்டால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். நாட்டுக் கம்பில் தூருக்குத் தூர், செடிக்குச் செடி முன்னே பின்னே பூக்கும். எப்போதும் காற்றில் மகரந்தம் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் சூல்முடி நீட்டி, மகரந்தம் பின்தங்கினால், அந்த இடைவெளி போதும் பூஞ்சாணத்துக்கு. கதிரில் தேன் மாதிரி வடியும்; அப்புறம் மணிக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டி நிற்கும். அது கலந்த கம்பைத் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் மயக்கமும் வந்த சம்பவங்கள் ராஜஸ்தான், மகாராஷ்டிரப் பக்கம் நடந்திருக்கின்றன. கிளி கொத்திய கம்பைத் தின்று யாருக்கும் அப்படி வந்ததில்லை.

ஒரே வாசல்

இப்போது விதைக்கு வருவோம்.

மணி வெள்ளையாக, கதிர் இறுக்கமாக, தட்டை குட்டையாக, நாள் குறைவாக இருக்கிற சோளம்தான் நல்ல சோளம் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். கிளிக்கும் அதுதான் நல்ல சோளம். துவர்ப்பு இல்லாத மணி, உட்கார்ந்து கொத்த வசதியான கெட்டிக் கதிர். கதிர்ப் பூசணத்துக்கும் அதுவேதான் நல்ல சோளம். இறுக்கமான கதிருக்குள் புகுந்த மழைத் தண்ணீர் சீக்கிரம் காயாது. நாள் குறைந்த ரகம், ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்வதற்கு முன்னாலேயே மணி பிடித்து நனையும்.

பழைய செஞ்சோளம், கருஞ்சோள வகைகள் பலவற்றில் மணித்தோலில் துவர்ப்புச் சத்து இருந்தது. அந்தத் துவர்ப்பைப் பறவை விரும்பாது. பூசணமும் அதில் எளிதில் ஏறாது. ஒரே குணம் இரண்டு திருடனுக்கும் பூட்டு. கதிர் தளர்வாகத் தொங்கும். கிளிக்குக் கால் ஊன்ற இடமில்லை, தண்ணீர் தங்கவும் இடமில்லை. நாள் கூடுதலாக நின்று, மழை விட்டபிறகு தைப் பனியில் முற்றும். கம்பிலும் கதிரில் சுனை நீட்டிக்கொண்டிருக்கிற வகைகள் இருந்தன; பறவை முகத்தில் குத்தும்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. துவர்ப்புச் சோளச் சோறு எல்லோருக்கும் பிடிக்காது. கோழித் தீவனத்துக்கும் அது ஏற்காது. ஏக்கருக்கு மூட்டை குறையும். நாள் கூடினால் கடைசி மழை ஏமாற்றுகிற அபாயமும் உண்டு. காடு முழுக்க அதையே போடுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் காடு முழுக்க மற்றதையே போட்டதன் கணக்கையும் பார்க்க வேண்டாமா? பூட்டு இருந்த விதையைக் கைவிட்டு, பூட்டு இல்லாத விதையை வாங்கி, அந்தப் பூட்டுக்குப் பதிலாக வெடியும் வலையும் மருந்தும் வாங்குகிறோம். விதைச் செலவோடு இந்தச் செலவையும் எழுதிப் பார்த்தால்தான் அந்த ரகத்தின் உண்மையான விலை தெரியும்.

இங்கே ஒரு முரண்பாடும் இருக்கு. அதையும் மறைக்காமப் பேசணும். கிளிக்கு வைத்தியம், "எல்லாரும் ஒண்ணா விதைங்க." பூஞ்சாணத்துக்கு வைத்தியம், "எல்லாரும் ஒண்ணையே விதைக்காதீங்க." இது எப்படிங்க ஒத்துவரும்?

நம்ம மானாவாரி முறையில் ஒத்துவந்தது. புரட்டாசி மழை இறங்கினதும் ஊரே ஒரே வாரத்தில் ஏர் பூட்டியது. அதனால் கிளிக்குத் தனிக் காடு கிடைக்கவில்லை. ஆனால் விதைப்பெட்டியில் இருந்தது ஒற்றை விதை இல்லை. கம்போடு தட்டாம்பயறு, சோளத்தோடு மொச்சை, பருத்திக்குள் உளுந்து, ஓரத்தில் எள்ளோ ஆமணக்கோ. ஒரு வீட்டுக் கம்பும் அடுத்த வீட்டுக் கம்பும் ஒரே வித்து இல்லை. நாள் ஒன்று, விதை பல. இன்றைக்கு அதைத் தலைகீழாக்கிவிட்டோம். கிணற்றுத் தண்ணீர் உள்ளவர் மார்கழியில், இன்னொருத்தர் மாசியில் என்று நாளைப் பலவாக்கினோம். மக்காச்சோளம் என்று விதையை ஒன்றாக்கினோம். 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காடுகளைச் சூறையாடியபோது இந்த ஏற்பாட்டின் பலனை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

கந்தகமும் மயில்துத்தமும்

வெடிக்கு வருவோம். பட்டாசுக்குள் போகிற கந்தகம், சாம்பல் நோய்க்குத் தூவுகிற அதே கந்தகம்தான். இன்னொரு பூஞ்சாண மருந்தின் கதை இன்னும் சுவாரசியம். பிரான்ஸில் போர்தோ பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்கள் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பார்கள். நோய்க்காக இல்லை. போகிறவன் வருகிறவன் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, விஷம் மாதிரி நீலமாகத் தெரியட்டும் என்று. 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் பார்த்தார்: தோட்டமெல்லாம் அடிச்சாம்பல் நோயில் கொட்டிக் கிடக்க, திருடனுக்காகத் தெளித்த அந்தச் சாலையோர வரிசைகள் மட்டும் இலையோடு நின்றன. 1885-ல் அந்தக் கலவையை மருந்தாக வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. கண்ணுக்குத் தெரிந்த திருடனுக்குப் போட்ட வேலி, தெரியாத திருடனை நிறுத்தியது.

நாம் போடுகிற வெடி அப்படி எதையும் நிறுத்தவில்லை. கிளி பழகிவிடுகிறது. காய்ந்த தோகையில் பொறி விழுந்தால் காடே போகும். கையில் வெடித்தால் விரல் போகும். இந்தப் பூமியில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த மருந்தும் காகிதமும் விழுவது நாம் ரசாயனம் இல்லாமல் காப்பாற்ற நினைக்கிற மண்ணில்தான். பட்டாசு நம்ம சனங்களின் பிழைப்பு. அதைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அதை விற்பதோடு நிறுத்திக்கொள்வோம், நம்ம காட்டிலேயே கொளுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வெடியைவிட மோசம் விஷம். தானியத்தில் குருணை மருந்தைக் கலந்து பொழியில் வைப்பதும், கண்ணி வலை விரித்துப் பிடித்து விற்பதும் அங்கங்கே நடக்கிறது. அந்த விஷத்தைத் தின்று மயிலும் புறாவும் சாகும். செத்ததைத் தின்கிற நாயும் சாகும். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். விஷம் வைத்த காட்டின் விளைச்சலை "இயற்கை விளைபொருள்" என்று மூட்டையில் எழுதுவதற்கு நமக்கு யோக்கியதை இல்லை.

காவலுக்கு யார்?

"இதெல்லாம் சரிங்க அண்ணாச்சி, காவலுக்கு ஆள் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முன்னால் பரண்மேல் தகரம் தட்டியதும் கவண் சுற்றியதும் பெரும்பாலும் பிள்ளைகளும் பெண்களும்தான். இன்றைக்கு விடியும் முன்னே ஊருக்குள் வேன் வந்து பெண்களைப் பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் ஏற்றிக்கொண்டு போகிறது. கிளி மேய்கிற அதே இரண்டு மணி நேரத்தில் காட்டில் ஆள் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், போகட்டும். சிவகாசியில் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலையில் இருந்து மீட்க 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை தீர்ப்பு வர வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளை மறுபடி பரண்மேல் ஏற்ற வேண்டாம்.

அதனால் காவல் என்பது ஒரு வீட்டு வேலையாக இனி நடக்காது. ஊர் வேலையாகத்தான் நடக்கும். பக்கத்துப் பக்கத்துக் காடு வைத்திருக்கிற பத்துப் பேர் சேர்ந்தால், பால்பிடித்ததில் இருந்து மணி முற்றுகிற வரை, காலையும் மாலையும் இரண்டு பேருக்குக் கூலி கொடுப்பது முடியாத காரியம் இல்லை. வெடிக்கும் வலைக்கும் ஆளாளுக்குக் கொட்டுகிற பணம் அதற்குக் காணும்.

ஆளைக் குறைக்கிற சில வேலைகளும் உண்டு. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக இருக்கிற பளபளப்பு நாடாவை, கதிருக்கு ஒரு முழம் மேலே முறுக்கிக் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் இரையும். இதற்கும் கிளி பழகும். ஆகவே முதல் நாளே கட்டாமல், பால்பிடிக்கிற நாள் பார்த்துக் கட்டி, அறுத்ததும் அவிழ்த்துவிட வேண்டும். மக்காச்சோளத்தில் ஓரத்து மூன்று நான்கு வரிசைகளுக்கு மட்டும், அந்தந்தச் செடியின் இலையையே கருதின் மேல் சுற்றிவிட்டால் கிளிக்குக் கருது கண்ணில் படாது. சேதம் அதிகம் ஓரத்தில்தான் என்பதால் அந்தக் கூலி வீண் இல்லை. சுற்றிலும் தீவனச் சோளத்தை நெருக்கி விதைத்தால் அது மறைப்பாகவும் நிற்கும், மாட்டுக்கும் ஆகும்.

பூஞ்சாணத்துக்கு வேலை விதைப்புக்கு முன்னாலேயே தொடங்குகிறது. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்து அதில் கம்பு விதையைக் கொட்டினால், தேன் ஒழுகல் கட்டியும் சாவியும் மேலே மிதக்கும். அதை அள்ளி எரித்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம். அதுவும் ஒரு பூஞ்சாணம்தான். நோய்ப் பூஞ்சாணத்தை மண்ணிலேயே மடக்குகிற பூஞ்சாணம். அடிச்சாம்பல் கண்ட செடியை 45 நாள் வரை பார்த்துப் பார்த்துப் பிடுங்கிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பொழியில் போட்டுவிட்டு வந்தால் பிடுங்கியும் பயனில்லை. நோய் வந்த காட்டில் அடுத்த வருஷம் கம்பு வேண்டாம். பயறோ பருத்தியோ போகட்டும். கிடை போட்டும் தொழுவுரம் அடித்தும் மண்ணில் மட்கு ஏற்றினால் கரிக்கோல் அழுகல் மெல்ல அடங்கும். அறுத்த மக்காச்சோளத்தை ஈரத்தோடு குவிக்கக் கூடாது. கிளி கொத்திய கருதைத் தனியாகப் பிரித்து முதலில் காயவைக்க வேண்டும். அதில்தான் மஞ்சள் பச்சையாக நச்சுப் பூசணம் முதலில் பிடிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் கடலைப் பிண்ணாக்கில் இருந்த அந்த நச்சை உலகம் கண்டுபிடித்தது. கோழிப்பண்ணைக்காரர் நம்ம மூட்டையைக் குத்திப் பார்ப்பது அந்தப் பயத்தில்தான்.

கேட்க வேண்டியவை

நம்மாழ்வார் ஐயா 1960-களில் அரசு விஞ்ஞானியாக வேலை பார்த்தது நம்ம பக்கத்துக் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில்தான். மானாவாரி சம்சாரியின் காட்டுக்குப் பொருந்தாத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டுத்தான் 1969-ல் வெளியே வந்தார். அந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அருப்புக்கோட்டையிலும் கோவில்பட்டியிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ஒரு ரகத்தை வெளியிடும்போது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று சொல்கிறீர்கள். அடைமழையில் கதிர்ப் பூசணம் எவ்வளவு ஏறும், பறவை எவ்வளவு தின்னும் என்பதையும் சம்சாரி காட்டில் வைத்துப் பார்த்து அதே துண்டுச் சீட்டில் எழுதுங்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. தமிழ்நாட்டிலும் சிறுதானிய இயக்கம் நடக்கிறது. சந்தோஷம். ஆனால் மானிய விதையாக ஊர் முழுக்க ஒரே ரகத்தைக் கொட்டினால் அது 1971-க்குத்தான் போகிற வழி. வட்டாரத்துக்கு நான்கைந்து ரகம், அதில் இரண்டாவது நம்ம நாட்டு ரகம் என்று விதி வேண்டும்.

பயிர்க் காப்பீடு, ஒரு வருவாய்க் கிராமத்தையோ பிர்காவையோ மொத்தமாக எடுத்து அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி பார்க்கிறது. ஊர் முழுக்க நோய் விழுந்தால் அந்தச் சராசரியில் தெரியும். ஓடையோரத்து ஒருத்தர் காட்டைக் கிளி மொட்டையடித்தால் தெரியாது. கிளியைக் கொல்லக் கூடாது என்று சட்டம் சொல்வது சரி. அப்படியானால் அந்தக் கிளிக்குச் சோறு போட்ட சம்சாரிக்கு இழப்பீடும் சட்டத்தில் இருக்க வேண்டும். பறவையைக் காக்கிற பொறுப்பு நாட்டுக்கு, செலவு மட்டும் மூன்று ஏக்கர்க்காரனுக்கு என்பது என்ன நியாயம்?

மூன்றாவது கேள்வி நம்ம இயக்கத்துக்கே. துவர்ப்புச் சோளத்தையும் நாட்டுக் கம்பையும் போடுங்கள் என்று மேடையில் பேசுகிறோம். விளைந்தபிறகு வாங்க ஆள் இல்லை என்றால் அடுத்த வருஷம் அவர் மக்காச்சோளத்துக்குத்தான் போவார். போவதில் தப்பும் இல்லை. நம்ம கடைகள், விதைக் குழுக்கள், சந்தைகள் விதைப்புக்கு முன்னாலேயே "இவ்வளவு மூட்டை, இந்த விலை" என்று சொல்ல வேண்டும்.

ஆவணி பிறந்ததும் ஊருக்கு ஊர் ஒரு கூட்டம் போடுங்கள். எந்த வாரம் ஏர் பூட்டுவது, யார் காட்டில் எந்த விதை, காவலுக்கு எந்தப் பத்து வீடு சேர்வது, போன வருஷம் எந்தப் புஞ்சையில் சீக்கு விழுந்தது, இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புரட்டாசி மழைக்கு முன்னால் அந்த நோட்டு தயாராக இருந்தால், கார்த்திகையில் வெடிக்கடைக்குப் போகிற செலவு பாதியாவது மிச்சமாகும்.